ஹேட்டி ஓடைச் சாம்பல்

மூன்றாவது முறையாகச் சேறு இறங்கியது. காலை எட்டு மணியிலிருந்து கொத்தனார் கரண்டியால் சுரண்டிச் சுரண்டி ஒரு வாசற்கதவின் அகலத்துக்குச் சௌந்தரவல்லி சுத்தம் செய்து வைத்திருந்த சுவரின் மேல், உச்சியில் வெயிலுக்கு இளகிக்கொண்டிருந்த கறுப்புக் குழம்பு, அவசரமே இல்லாமல், படுத்திருந்த எருமை எழுந்து நடப்பதைப் போல அசைந்து வந்து எல்லாவற்றையும் மூடியது. முதல் முறை இங்கிலீஷில் திட்டியாயிற்று, இரண்டாம் முறை தமிழில் திட்டியாயிற்று, இப்போது கரண்டியைத் தொடையில் துடைத்துக்கொண்டு மறுபடி மேலிருந்து ஆரம்பித்தாள். மேலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும், இது முதல் வருஷ மாணவனுக்குக்கூடத் தெரியும், ஆனால் இந்தச் சேற்றுக்குத் தெரியவில்லை, அது தன் இஷ்டத்துக்கு எங்கிருந்து வேண்டுமானாலும் இறங்குகிறது. மணி பதினொன்றே முக்கால். இரண்டு மணிக்கு ரஸ் தண்ணீரைத் திறந்துவிடுவார். ரஸ் இந்தத் தங்கச் சுரங்கத்தின் சொந்தக்காரர். சுரங்கம் என்றால் குகையும் தண்டவாளமும் இல்லை, கனடாவின் வடமேற்கு மூலையில், டாசன் ஊரிலிருந்து ஒரு மணி நேரம் மண் சாலையில் குலுங்கி வந்தால் இந்த ஹேட்டி ஓடை, இங்கே மலைச்சரிவை மூடிக் கிடக்கிற உறைந்த மண்ணைத் தண்ணீர்ப் பீரங்கியால் அடித்துக் கரைத்துவிட்டு அடியில் இருக்கும் சரளைக்கல்லை அலசுவார்கள். தங்கம் சரளையில் இருக்கிறது. அதன் மேல் கிடக்கும் நாற்பதடி மண் ரஸ்ஸுக்கு இடைஞ்சல், வல்லிக்கு அதுதான் பிழைப்பு. ஒன்பது வருஷமாக அந்த மனிதர் இந்த ஒரு மூலையை மட்டும் அவளுக்காகத் தொடாமல் விட்டிருந்தார். இனி விட முடியாது, ஓடையில் தண்ணீர் குறைந்துகொண்டே வருகிறது, இன்றைக்கு அடிக்காவிட்டால் இந்தப் பருவமே போய்விடும் என்று போன வாரம் கடிதம் எழுதியிருந்தார், மன்னிப்பெல்லாம் கேட்டு. மன்னிப்புக் கேட்டது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. ஒன்பது வருஷம் வராமல் இருந்தது அவள். வராததற்கு ஒவ்வொரு வருஷமும் ஒரு காரணம் இருந்தது, வேறு ஓடை, வேறு சுவர், மாநாடு, ஒரு வருஷம் காட்டுத்தீ, ஒரு வருஷம் புருஷன் சகாயத்தின் முட்டி வலி, எல்லாமே உண்மையான காரணங்கள். ஒன்றாவது பொய்யாக இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு தன்னையே திட்டிக்கொள்ளலாம்.

முகத்தில் மாட்டியிருந்த கொசு வலைக்குள் ஒரு கொசு இருந்தது. வலைக்கு வெளியே ஆயிரம் இருப்பதைவிட உள்ளே ஒன்று இருப்பது மோசம். அது காதுக்குப் பக்கத்தில் போய்ப் போய் வந்தது, கையில் சேறு, வலையைத் தூக்கினால் வெளியே காத்திருக்கிற அதன் சொந்தக்காரர்கள் முழுவதும் உள்ளே வந்துவிடுவார்கள், எனவே அதற்கு இன்று விருந்து. போகட்டும். அவள் சுரண்டினாள். கறுப்பு மண் பாளம் பாளமாக உரிந்து விழுந்தது, அழுகின புல்லின் வாடை, ஏதோ ஒரு காலத்து மிருகங்கள் மேய்ந்து மிச்சம் வைத்த புல், உறைந்து கிடந்து இன்றைக்கு அவள் மூக்கில் வந்து அழுகுகிறது. அதற்குக் கீழே கரண்டி நறநறவென்றது. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். சாம்பல். விரல் தடிமனில் ஒரு வெளிர்க் கோடு, தூய வெள்ளை இல்லை, பல்பொடி நிறம், தொட்டால் பல்பொடி மாதிரியே மெத்தென்று இருந்து விரல்களுக்கு நடுவே உரசும்போது கண்ணாடித் தூளாகக் குத்தும். எங்கோ நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால் ஒரு எரிமலை வெடித்து, காற்றில் வந்து, ஒரு நாளோ இரண்டு நாளோ இந்தப் பள்ளத்தாக்கு முழுக்கப் பொழிந்து படிந்தது. அதற்குள் இருக்கும் கண்ணாடித் துகள்களைப் பரிசோதனைச் சாலையில் அளந்து ஏழு லட்சம் வருஷம் என்று அவள்தான் சொன்னாள். அதில் தப்பில்லை. அதை மூன்று பேர் தனித்தனியாக அளந்து பார்த்துவிட்டார்கள். விவகாரம் சாம்பலில் இல்லை, சாம்பலுக்குக் கீழே இருக்கிற பனிக்கட்டியில். மண்ணுக்குள் ஆப்பு அடித்ததுபோல இறங்கி நிற்கும் ஒரு பெரிய ஐஸ், மேலே ஒரு ஆளின் தோள் அகலம், கீழே போகப்போகக் குறுகும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அதன் தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் இந்தச் சாம்பல் கோடு அறுபடாமல் நேராகப் போவதை அவள் பார்த்தாள். கோடு அறுபடவில்லை என்றால் சாம்பல் விழும்போதே ஐஸ் அங்கே இருந்தது. ஐஸ் ஏழு லட்சம் வருஷத்துக்கும் மூத்தது. இதற்கு நடுவில் பூமி எத்தனையோ முறை சூடானது, இந்த ஐஸ் உருகவில்லை. அவ்வளவுதான் அவளுடைய கண்டுபிடிப்பு. அதற்காகத்தான் அவளுக்கு மாலை போட்டார்கள், மேடை கொடுத்தார்கள், பாடப்புத்தகத்தில் அவள் எடுத்த படத்தைப் போட்டார்கள். இன்னும் ஒரு அடி உள்ளே வெட்டிப் பாரேன், வல்லி. அன்றைக்குச் சகாயம் சொன்னார். அதே இடம், இதோ இங்கே, இடது கையில் தேநீர்க் குவளையோடு நின்றபடி. நாம பாக்கறது ஐஸோட தலையா தோளான்னு தெரியல, இன்னும் ஒரு அடி. மழை வரும்போலிருந்தது, கை விரல்கள் மரத்துப் போயிருந்தன, விமானத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. தலைதான், எனக்குத் தெரியும் என்றாள். சரி என்றார். அதற்கப்புறம் அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஒரு தடவைகூட. மற்றவர்கள் வீட்டில் புருஷன்மார் சொன்னதையே சொல்லிக் கழுத்தை அறுக்கிறார்கள், இந்த மனிதர் ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு ஒன்பது வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தார், அந்த ஒரு அடி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

உடம்பு திகுதிகுவென்று எரிய ஆரம்பித்தது. இப்போதுதானா. ஐம்பத்திரண்டு வயது உடம்புக்கு இடம் பொருள் கிடையாது, மாதவிலக்கு நின்றதிலிருந்து அது நினைத்த நேரத்தில் அடுப்பு மூட்டும், மாநாட்டு மேடையில் மூட்டும், பனிக்கட்டிச் சுவருக்கு முன்னால் நாலு அடுக்கு கம்பளி போட்டுக்கொண்டு நிற்கும்போது மூட்டும். கழுத்தில் வியர்வை ஓடியது, காலில் குளிர் ஏறியது, இரண்டும் இடுப்பில் எங்கோ சந்தித்துக்கொண்டு அங்கே ஒரு நடுக்கத்தை உண்டாக்கின. அவள் வலையோடு சேர்த்து நெற்றியைச் சுவரில் வைத்து அழுத்தினாள். ஏழு லட்சம் வருஷத்து மண்ணாவது இதற்கு உதவட்டும். சாட்டிலைட் போன் அடித்தது. பன்னிரண்டு. மணிக்கு ஒரு தடவை அடிக்கும், எட்மன்டனில் முட்டி அறுவைச் சிகிச்சை முடிந்து நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிற தேவசகாயத்துக்கு வேறு வேலை இல்லை. "என்ன, சுவர் தெரியுதா?" என்றார். தெரியுது என்றாள். "கொசு இருக்கா?" இருக்கு. "சாப்ட்டியா?" இன்னும் இல்ல. "அந்தப் பருப்பு உருண்டை டப்பா பையோட பக்கவாட்டு ஜிப்புக்குள்ள இருக்கு, மறந்திராத." சரி. "வழுக்கும், பாத்து நில்லு." சரிங்க. ஒன்றைக் கேட்கவில்லை. எவ்வளவு உள்ளே வெட்டியிருக்கிறாய் என்று கேட்கவில்லை. கேட்டால் ஒரு சண்டையாவது போடலாம். நீங்க என்ன நெனைக்கிறீங்கன்னு எனக்குத் தெரியும் என்று கத்தலாம். பருப்பு உருண்டையைப் பற்றி விசாரிக்கிறவரிடம் என்னத்தைக் கத்துவது. அந்தக் கட்டுரையில் முதலில் இரண்டு பேருடைய பெயரும் இருந்தது. அனுப்புவதற்கு முன்னால் அவர்தான் தன் பெயரை எடுத்துவிடச் சொன்னார், இது முழுக்க உன் வேலை, உன் பேர் மட்டும் இருக்கட்டும். எத்தனை விருந்துகளில் அவள் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறாள். எந்த ஆம்பளை செய்வான் என்று சிநேகிதிகள் கேட்டார்கள். யாருமே செய்ய மாட்டார்கள்தான். போனைப் பையில் போட்டுவிட்டு அவள் சின்னக் கோடாலியை எடுத்தாள்.

உறைந்த மண் மண் மாதிரி இருக்காது, கருங்கல் மாதிரி இருக்கும், கோடாலி பட்ட இடத்தில் பொறி பறக்காத குறை. ஒரு கொத்துக்கு ஒரு சில்லு. சில்லு முகத்தில் அடித்து வலையில் சிக்கி உருகிக் கழுத்துக்குள் இறங்கும். பத்துக் கொத்துக்கு ஒரு மூச்சு. பத்து மூச்சுக்கு ஒரு அங்குலம். இந்தக் கணக்கில் இரண்டு மணிக்குள் ஒரு அடி வரும், வராமலும் போகும். ஏன் இவ்வளவு அவசரமாக வெட்டுகிறாய், பார்க்கத்தானா, பார்த்தோம் என்று சொல்லிக்கொள்ளவா. நேற்று ரஸ்ஸின் வீட்டில் சமையலறைக் கதவு மூடவில்லை. அவள் கைகழுவிவிட்டு வந்து கதவைச் சாத்தினாள், அது பாதியில் தரையில் முட்டிக்கொண்டு நின்றது. ரஸ் வந்து, பழகின கையோடு கதவைக் கொஞ்சம் தூக்கி, இடுப்பால் ஒரு இடி இடித்து மூடினார். தரை சாய்ந்திருந்தது. மேஜையில் வைத்த பென்சில் மெதுவாக உருண்டு சுவர்ப்பக்கம் போனது, அவர் பார்க்காமலேயே கையை நீட்டி அதைப் பிடித்தார். "அடியில ஐஸ் கரையுது," என்றார், வானிலை சொல்வதுபோல. "அஞ்சாறு வருஷமா. அந்த மூலை நாலு இஞ்ச் எறங்கிருச்சு." வல்லி தேநீரைக் குடித்தாள். சர்க்கரை அதிகம், அதையாவது குறை சொல்லலாம் என்று பார்த்தாள், சொல்லவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அந்த மனிதர் தகர வண்டியொன்றில் குடியிருந்தார், வீடு கட்டப் போகிறேன் என்று வரைபடத்தை விரித்துக் காட்டினார், இந்தப் பக்கத்தில் எல்லாரும் வீட்டுக்கு அடியில் திருகி ஏற்றுகிற ஜாக்கி வைக்கிறார்கள், தரை இறங்கினால் வீட்டைத் தூக்கிக்கொள்ள, எனக்கும் வேணுமா, இல்ல தரைமேலேயே போடலாமா, நீங்கதான ஐஸ் டாக்டர் என்று கேட்டார். அன்று காலைதான் அவள் அறுபடாத சாம்பலைப் பார்த்திருந்தாள். குதித்துக்கொண்டிருந்தாள். ஏழு லட்சம் வருஷமா நிக்குது ரஸ், உங்க அடுப்புச் சூட்டுக்கா கரையப் போகுது என்றாள். சிரிப்பாகச் சொன்னது. அவர் சிரிக்கவில்லை, தலையாட்டி வரைபடத்தில் எதையோ பென்சிலால் அடித்தார். எதை அடித்தார் என்று அவள் அப்போது பார்க்கவில்லை. கட்டுரையில் அப்படி ஒரு வரியும் இல்லை, வீட்டைப் பற்றியோ அடுப்பைப் பற்றியோ ஒரு சொல் இல்லை, எத்தனை வயசு ஐஸானாலும் மேலே வீட்டைக் கட்டிக் கணப்பு மூட்டினால் கரையத்தான் செய்யும், இது அவளுக்குத் தெரியாதா, தெரியும், தெரிந்துதான் சொன்னாள். கட்டுரையில் எழுதியிருக்க மாட்டாள். தேநீர் குடித்துக்கொண்டு சொன்னாள். நேற்று ரஸ் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கதவை இடித்து மூடிவிட்டு, சுவர்ல ஏற ஏணி வேணுமா என்று கேட்டார். இந்த ஆம்பளைகள் எல்லோரும் சேர்ந்து பேசிவைத்துக்கொண்டு அவளிடம் நல்லவர்களாக இருக்கிறார்கள்.

மணி ஒன்று இருபது. ஒரு மணிக்குப் போன் அடித்ததா, அடித்திருக்கும், காதில் விழவில்லை. கோடாலி இறங்கின சத்தம் மாறியது. மண்ணில் இறங்கினால் டொக், ஐஸில் இறங்கினால் கிளிங். இங்கே கிளிங் வரக் கூடாது. ஐஸின் தலை ஒரு சாண் கீழே இருக்கிறது, அவள் வெட்டிக்கொண்டிருப்பது சாம்பலின் உயரத்தில், இங்கே மண்தான் இருக்க வேண்டும். இன்னொரு கொத்து. கிளிங். சும்மா ஒரு சின்ன ஐஸ் கட்டியாக இருக்கும், மண்ணுக்குள் அங்கங்கே பட்டாணி அளவுக்கு இருக்கும், அதுதான். கரண்டியால் வழித்தாள். பட்டாணி இல்லை. கைக்குட்டையால் துடைத்தாள். கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் கையால் துடைத்தாள். சாம்பல் நிறத்தில் மங்கலான ஐஸ், உள்ளே காற்றுக் குமிழிகள் செங்குத்தாகக் கோடு கோடாக, ஒவ்வொரு வருஷக் குளிரிலும் வெடித்து வெடித்து நிரம்பின கோடுகள், மேல்நோக்கிப் போயின. சாம்பலைத் தாண்டி மேலே போயின. வெள்ளைக் கோடு இடப்பக்கத்திலிருந்து நேராக வந்து ஐஸின் ஓரத்தில் நின்றது. மறுபக்கத்தில் மறுபடி தொடங்கியது. நின்ற இரண்டு ஓரமும், கிழித்த அட்டையின் விளிம்பு போல, மேல்நோக்கி மடிந்திருந்தன. சாம்பல் முதலில் விழுந்தது. ஐஸ் அப்புறம் வந்து அதை அறுத்துக்கொண்டு, ஓரங்களைத் தள்ளிக்கொண்டு மேலே போனது. அவள் அன்றைக்குப் பார்த்தது தலை இல்லை. தோள். தோளுக்கு மேலே போன சாம்பலைப் பார்த்துவிட்டு, தலை இங்கே உள்ளே ஒளிந்துகொண்டிருப்பது தெரியாமல் போய்விட்டாள். இந்த ஐஸ் எந்தக் காலத்தது என்று இந்தச் சாம்பலை வைத்து யாரும் சொல்ல முடியாது. முப்பதாயிரமாகவும் இருக்கலாம், நேற்றுப் பிறந்ததாகவும் இருக்கலாம். அவள் அளவு நாடாவை எடுத்தாள். சுவரின் பழைய முகத்திலிருந்து பதினோரு அங்குலம். ஒரு அடிகூட இல்லை. முழுசாக ஒரு அடியாகவாவது இருந்து தொலைத்திருக்கலாம்.

அவள் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் வாளி ஒரு பக்கம் சேற்றில் புதைந்தது, சரியாக உட்காரக்கூட முடியாத ஒரு இடம். மணி ஒன்றரை. முப்பது நிமிஷத்தில் இந்தச் சுவர் இருக்காது. இது அவளுக்கு மெதுவாகத்தான் உறைத்தது. முப்பது நிமிஷம் எதுவும் செய்யாமல் இந்த வாளியில் உட்கார்ந்திருந்தால் போதும், ரஸ் வந்து திருகைத் திறப்பார், நாற்பதடி மண்ணும் கூழாகி ஓடையில் போகும், உலகத்தில் இதைப் பார்த்தவள் அவள் ஒருத்தி. சுவரைச் சேறு மூடிவிட்டது, ஒன்றும் பார்க்க முடியவில்லை என்று சொல்லலாம். மூன்று தடவை மூடத்தானே செய்தது. பொய்கூட இல்லை. அவள் அந்த யோசனையை உடனே தள்ளிவிடவில்லை, அதுதான் பிறகு நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் அவளைக் கூசவைத்தது, சந்தையில் கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். ஒரு அரசாங்க அறிக்கையில் அவளுடைய ஒரு வரி இருக்கிறது. இப்பகுதியின் உறைமண் முந்தைய வெப்பக் காலங்களைத் தாங்கி நின்றது. அந்த வரியை வேறு ஒரு அறிக்கை எடுத்தது, அதிலிருந்து ஒரு சாலைத் திட்டம் எடுத்தது, அவளைக் கேட்காமல், அவள் பெயரைக்கூடத் தப்பாக எழுதி. எங்கேயோ ஒரு அறையில் யாரோ ஒருவர் ஜாக்கி வேண்டுமா வேண்டாமா என்று யோசித்து, வேண்டாம் என்று பென்சிலால் அடிக்கிறார். அவள் மாணவி ஒருத்தி இதன் மேலேயே முனைவர் பட்டம் முடித்து, குழந்தை பெற்று, வேலைக்கும் போய்விட்டாள். எல்லாருக்கும் எழுத வேண்டும். ஒவ்வொருவருக்கும் அன்புள்ள என்று ஆரம்பித்து. அசிங்கமாக இருக்கும். தெருவில் வழுக்கி விழுந்துவிட்டு, விழுந்தேன் விழுந்தேன் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்வது மாதிரி. வாளி இன்னொரு அங்குலம் புதைந்தது. போன் அடித்தது.

"ஒரு மணிக்கு எடுக்கல," என்றார் சகாயம். "பயந்துட்டேன். சாப்ட்டியா?"

"ஐஸ் சாம்பலை அறுத்துக்கிட்டு மேல போயிருக்கு," என்றாள்.

இந்தப் போனில் பேச்சு வானத்துக்குப் போய்த் திரும்பி வர ஒரு கணம் ஆகும். அந்தக் கணம் போய்விட்டது. அதற்கப்புறமும் அவர் பேசவில்லை.

"எவ்வளவு உள்ள?"

"பதினோரு அங்குலம்."

"ம். போட்டோ எடுத்துட்டியா?"

"உங்களுக்கு ஆச்சரியமாவே இல்லியா?"

அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. காலை இறக்கி வைக்கிறார் போலிருக்கிறது. இறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "வல்லி, அன்னைக்கி எடுத்த படத்துல இடது ஓரத்துல சாம்பல் லேசா மேல வளைஞ்ச மாதிரி இருந்துச்சு."

"எந்தப் படம்?"

"பேப்பர்ல போட்டதுதான். அளவுகோல் கோணலா விழுந்திருக்குன்னு நீ ஓரத்த வெட்டிட்டுப் போட்ட. முழுப் படம் என்கிட்ட இருந்துச்சு."

"எப்பப் பாத்தீங்க?"

"நீ அனுப்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடி."

அவள் சுவரைப் பார்த்தாள். வெயிலில் வெட்டுவாய் நனைந்து பளபளத்தது. "அதனாலதான் உங்க பேரு வேணாம்னீங்க."

"அந்த வருஷம்தான் உனக்கு வேலை நிரந்தரம் ஆகணும். எனக்கும் நிச்சயமாத் தெரியல. சின்ன வளைவு, நிழலாக்கூட இருக்கலாம். நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"நான் கேக்கல."

"ஆமா," என்றார். "நீ கேக்கல."

கோபம் வந்தால் அவளுக்கு முதலில் காது அடைக்கும். அடைத்தது. ஒன்பது வருஷம். இந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது, குறைந்தபட்சம் சந்தேகம் இருந்தது, அதை வைத்துக்கொண்டு அவள் விருது வாங்கின மேடையின் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார், விருந்துகளில் அவள் அந்தக் கதையைச் சொல்லும்போது பக்கத்தில் நின்று ஐஸ் கட்டிகளைக் குவளையில் சுழற்றிக்கொண்டிருந்தார். தன் பெயரை மட்டும் பத்திரமாக எடுத்துக்கொண்டார். அன்பாகத்தான் செய்தார், அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை, அந்த அன்பைத் தூக்கி இந்தச் சேற்றில் போட்டு மிதிக்க வேண்டும் போலிருந்தது. நான் என்ன கண்ணாடியா, ஒரு வார்த்தை சொன்னால் உடைந்துவிட. சண்டை போட்டிருப்பேன், ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பேன், அப்புறம் வந்து வெட்டிப் பார்த்திருப்பேன். பார்த்திருப்பேனா. தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்கிற வாய்ப்பையும் சேர்த்து எடுத்துக்கொண்டார். இவ்வளவும் வாய்வரைக்கும் வந்தது. "காலைத் தூக்கி வைங்க, வீங்கிரும்," என்றாள். சொன்ன மறுகணமே தன் வாயைத் தைத்துவிடலாம் போலிருந்தது. பிறகு, "வீட்டுக்கு வந்து பேசறேன். நெறைய பேசணும்," என்று சொல்லி, அவர் பதில் வானத்துக்கு ஏறி இறங்குவதற்குள் போனை அணைத்தாள்.

வாளியை விட்டு எழுந்தாள். இன்னும் இருபத்தொரு நிமிஷம். கேமராவை எடுத்து அளவுகோலை நேராக வைத்து, இடம் வலம் மேல் கீழ் என்று முழுச் சுவரும் விழும்படி முப்பது படம் எடுத்தாள். நோட்டில் வரைந்தாள். அன்றைக்குத் தப்பாக வரைந்ததைவிட இன்றைக்குச் சுத்தமாக வந்தது கோடு. அறுபட்ட இரண்டு ஓரத்திலிருந்தும் சாம்பலையும், ஐஸின் நடுவிலிருந்து ஒரு செங்கல் அளவுத் துண்டையும் வெட்டிப் பெட்டியில் வைத்து மூடிக்கொண்டிருக்கும்போது மேலே பாதையில் ரப்பர் பூட்ஸின் சத்தம். ரஸ். அறுபத்தேழு வயது, இடுப்பு வலி, சரிவில் இறங்கும்போது ஒரு காலைப் பக்கவாட்டில் வைத்து வைத்துத்தான் வருவார். பின்னால் பள்ளத்தாக்கில் பம்பு உறுமத் தொடங்கியிருந்தது.

"ரெண்டு ஆச்சு," என்றார். "கெடச்சுதா?"

"கெடச்சுது."

"நல்லது."

"நல்லது இல்ல, ரஸ்." இதை எப்படி ஆரம்பிப்பது என்று அவள் யோசிக்கவில்லை, யோசித்தால் மறுபடி வாளியில் உட்கார்ந்துவிடுவாள். "நான் அன்னைக்கிச் சொன்னது தப்பு. இந்த ஐஸ் எத்தனை வருஷத்துதுன்னு எனக்குத் தெரியாது. தெரியும்னு சொன்னேன், தெரியாது. உங்க வீட்டுக்கு ஜாக்கி வேணாம்னு நான் சொல்லியிருக்கக் கூடாது. அது சரியா இருந்தாக்கூடச் சொல்லியிருக்கக் கூடாது."

ரஸ் சுவரைப் பார்த்தார். அவள் விரலால் காட்டினாள், இங்கே வருகிறது, இங்கே நிற்கிறது, இங்கே மறுபடி தொடங்குகிறது. அவர் குனிந்து பார்த்தார். முப்பது வருஷமாக உறைமண்ணை வெட்டுகிறவருக்கு இரண்டாம் தடவை விளக்க வேண்டியிருக்கவில்லை.

"வரைபடத்துல ஜாக்கி இருந்துச்சு," என்றார். "பதினாறு ஜாக்கி. நீ சொன்னேன்னு அடிச்சேன்."

"தெரியும்."

"அந்தச் சமையலறையில நான் ரெண்டு தடவை விழுந்திருக்கேன்."

பரவாயில்லை என்று அவர் சொல்வார் என்று காத்திருந்தாள், இந்த நாட்டில் காலை மிதித்தாலும் பரவாயில்லை என்பார்கள். ரஸ் சொல்லவில்லை. அவர் முகம் கழுத்திலிருந்து மேலே சிவந்துகொண்டு வந்தது. "பெட்டிய எடுத்துக்கிட்டு மேல போ," என்றார். எப்போதும் அவளுடைய பெட்டியை அவர்தான் தூக்குவார், இடுப்பு வலியோடு, வேண்டாம் என்று சொன்னாலும். இன்றைக்குத் திரும்பிப் பார்க்காமல் பீரங்கியின் பக்கம் நடந்தார். வல்லி பெட்டியைத் தூக்கினாள். கனத்தது. இரண்டு தடவை வழுக்கி, முழங்காலால் ஏறி, மேலே பலகைப் பாலத்துக்கு வந்து சேர்ந்தபோது மூச்சு வாங்கியது, ஆனால் காலையிலிருந்து நெஞ்சுக்குள் கசகசத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று கொஞ்சம் நகர்ந்து வழிவிட்டதுபோல இருந்தது. கடைசியில் ஒரு மனிதர் அவள் மேல் கோபப்பட்டார். அதைத் தாங்க முடிந்தது.

தண்ணீர் சுவரில் மோதியது. முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு கறுப்பு மண் உதிர்ந்து, பாளமாகச் சரிந்து, சாம்பல் கோடு ஒரு கணம் பளிச்சென்று தெரிந்து போனது, ஐஸ் கொஞ்ச நேரம் தனியாக நின்று அதுவும் விழுந்தது. அவள் பருப்பு உருண்டைகளைத் தின்றாள், நாலையும். சாரல் முகத்தில் அடித்தது, வலையைத் தூக்கியிருந்ததால் கொசுவும் கடித்தது. முக்கால் மணி நேரம் கழித்துப் பம்பு நின்றது. ரஸ் நனைந்துபோய்ப் பாலத்துக்கு வந்தார். முகத்தின் சிவப்பு இறங்கியிருந்தது, ஆனால் சிரிக்கவில்லை.

"இப்ப ஜாக்கி வெச்சா எத்தனை அடி ஆழத்துல நிறுத்தணும்?" என்றார்.

"தெரியாது."

"யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. வீட்டுக்கு அடியில தொளை போட்டுப் பாக்கணும். வண்டியில என் கைத்துளைப்பான் இருக்கு."

அவர் வானத்தைப் பார்த்தார், ஓடையைப் பார்த்தார். பிறகு பம்பு ஓட்டுகிற ஆளைப் பார்த்துக் கையை வீசி, இன்றைக்குப் போதும் என்று காட்டினார்.

சமையலறை மூலைக்கு அடியில் ஆள் தவழ்கிற அளவுக்குத்தான் இடம் இருந்தது. ரஸ் குப்புறப் படுத்து டார்ச்சைப் பிடித்தார், ஒவ்வொரு தடவை நகரும்போதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினார். வல்லி முட்டி போட்டு, தலைக்கு மேல் உத்தரம் இடிக்க, துளைப்பானின் கைப்பிடியை இரண்டு கையாலும் சுற்றினாள். ஈர மண், ஈர மண், மறுபடி ஈர மண். மூன்றரை அடியில் கம்பி நடுங்கிச் சத்தம் மாறியது. அவள் நிறுத்தினாள். "இங்க ஐஸ் ஆரம்பிக்குது," என்றாள். "எழுதிக்கங்க."

ரஸ் காதிலிருந்து பென்சிலை எடுத்து உத்தரத்தின் அடிப்பக்கத்தில் மூன்றரை என்று எழுதினார். டார்ச்சைத் துளைக்கு நேராகத் திருப்பினார்.

"எதுவரைக்கும் இருக்குன்னு பாக்க வேணாமா," என்றார். "எறக்கு."

அவள் அடுத்த கம்பியைப் பொருத்தித் திருகத் தொடங்கினாள்.